சின்னுசாமிக்கு ஏணி பிடித்தவன்

சின்னுசாமியைப் பற்றிச் சொல்ல என்னைவிட யோக்கியதை உள்ளவன் எங்கள் மலையின் பெரக்கரை நாட்டிலேயே கிடையாது. இருபத்தோரு வருசம் அவனுக்கு ஏணி பிடித்திருக்கிறேன். அவன் முகத்தைப் பார்த்ததைவிடக் குதிகாலைப் பார்த்ததுதான் அதிகம்.

எங்கள் மலையில் மிளகுக் கொடி சில்வர் ஓக் மரத்தைப் பற்றிக்கொண்டு ஏறும். ஒற்றை மூங்கில்தான் ஏணி, அதில் கணுவுக்குக் கணு கால் வைத்து ஒருவன் மேலே போய்ப் பறிப்பான். மூங்கிலின் அடியை இன்னொருவன் இரண்டு கையாலும் ஒரு காலாலும் அழுத்திப் பிடித்திருப்பான். சரிவு நிலம். கீழே இருப்பவன் கொஞ்சம் அசந்தால் மேலே இருப்பவன் கதை முடிந்தது. அதனால் ஜோடியை யாரும் மாற்றுவதில்லை. பருவத்தின் முதல் கொத்தை மட்டும் பையில் போடமாட்டார்கள். ஏறியவன் இறங்கி வந்து பிடித்தவன் கையில் கொடுப்பான். அவன் ஒரு மணியைக் கடித்த பிறகுதான் மற்ற வேலை.

சின்னுசாமி குள்ளமான ஆள். பேச்சு கம்மி. காய்ச்சலில் பாவாயி செத்தபோது மகள் கோகிலாவுக்கு ஐந்து வயது. சோறு பொங்க அவனுக்குத் தெரியும், சடை பின்னத் தெரியாது. அவள் பள்ளிக்கூடம் போன அத்தனை வருசமும் சடை பின்னிவிட்டது நான்தான். இதை யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள், அதனால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

பாவாயி போன பிறகு அவனும் நானும் என்னவாக இருந்தோம் என்று கேட்டால், புருசன் பெண்டாட்டி எப்படி இருப்பார்களோ அப்படித்தான். எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்களையெல்லாம் ஏதாவது நொட்டை சொல்லி அனுப்பினேன். அவனும் இன்னொருத்தியைக் கட்டவில்லை. ஊர் எங்களை ஏணி ஜோடி என்றது. அதற்கு மேல் ஊரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

ஒரே ஒரு தடவை வாய் விட்டேன். தொண்ணூற்றாறு ஐப்பசி மழையில் என் கூரை ஒரு பக்கம் சரிந்தது. அவன் மரவள்ளிக் கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தான்.

“எனக்கு இன்னொரு ஊடு எதுக்குப்பா? உன்ற ஊட்டுக்கே வந்தர்றேன். ஒரே அடுப்பாப் போயிரும்” என்றேன்.

அரிவாள் நின்றது. “ஊரு என்ன பேசும்?” என்றான்.

நான் எழுந்து வந்துவிட்டேன். மறுநாளே கூரையை மேய்ந்தேன். அந்த மூன்று வார்த்தையை ஆறு வருசம் நெஞ்சில் வைத்துப் புழுங்கினேன். ஆனாலும் தை மாசம் வந்தால் ஏணி பிடிக்கப் போய்விடுவேன், மானங்கெட்டவன்.

இரண்டாயிரத்து மூன்று தையில், பறிப்பின் முதல் நாள், அவன் நாலு கணு ஏறியிருந்தான். தோட்டத்துக்குள் கோகிலா வந்தாள். அடிவாரத்தில் ஒரு தையல் கடையில் வேலை பார்த்தாள், பொங்கலுக்குக்கூட வரவில்லை. அவளோடு அதே கடையில் தைக்கும் இர்ஃபானா என்ற பெண். சரிவில் வழுக்கும் என்று செருப்பைக் கையில் பிடித்திருந்தாள்.

“அப்பா, எறங்காதீங்க. அங்கிருந்தே கேளுங்க. மூஞ்சியப் பாத்தா எனக்குச் சொல்ல வராது” என்றாள் கோகிலா. “எனக்கு மாப்ள பாக்க வேண்டாமுங்க. நானும் இர்ஃபானாவும் சேந்து வாழறோம். சிநேகிதிங்களா இல்லீங்க. கட்டிக்கிட்டவங்களா.”

என் மூக்குக்கு நேரே அவன் குதிகால் கணுவில் அழுந்தியது. மூங்கிலை இறுக்கிப் பிடித்தேன். மேலிருந்து குரல் வந்தது.

“ஊரு என்ன பேசும் கண்ணு?”

சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோசமாக இருந்தது. நான் வாங்கியதை இவளும் வாங்கட்டும் என்று நினைத்தேன்.

“பேசட்டுமுங்கப்பா” என்றாள் அவள்.

அவன் கொத்து எதுவும் பறிக்காமல் இறங்கி வந்தான். துண்டில் கையைத் துடைத்தான். “செரி கண்ணு. அந்தப் புள்ளைக்குச் சோறு போடு. வெயில்ல வந்திருக்குது” என்றான்.

அவ்வளவுதான். வயிறு எரிந்தது எனக்கு. மூங்கிலை மரத்தில் சாய்த்துவிட்டு என் வீட்டுக்கு நடந்தேன். அவன் கூப்பிட்டான், திரும்பவில்லை.

பதினொரு நாள் போகவில்லை. என் காட்டிலிருந்து அவன் வாசல் தெரியும். அந்த இரண்டு பெண்களும் பாத்திரம் கழுவுவதையும் துணி காயப்போடுவதையும் பார்த்துப் பார்த்து வெந்தேன். இர்ஃபானா நேற்று வந்தவள். அவள் துப்பட்டாவுக்கு அந்த வீட்டுக் கொடியில் இடம் இருந்தது. இருபத்தோரு வருசத்தில் என் துண்டு ஒரு நாள் அதில் காய்ந்ததில்லை. நான் சடை பின்னிவிட்ட கழுதை, எனக்குக் கிடைக்காததை ஒரு நிமிசத்தில் வாங்கிக்கொண்டாளே என்று ஆத்திரம்.

பன்னிரண்டாம் நாள் அவளே வந்து நின்றாள்.

“மாமா, மொளகு பழுத்து உதிருதுங்க. நான் ஏணி புடிக்கறேன்னாலும் அப்பா ஏறமாட்டேங்கறாரு. ஆள் வரட்டும்ங்கறாரு.”

“எந்த ஆளு?”

“உங்களத்தானுங்க. வேற எந்த ஆளு இருக்குது அவருக்கு?”

சண்டை போடத்தான் போனேன். அவன் மரத்தடியில் குந்தியிருந்தான். தரையெல்லாம் சிவப்பாக மிளகு கிடந்தது. பக்கத்துக் காட்டில் மாதேஸ்வரன் ஏணியில் நின்று பறித்துக்கொண்டிருந்தான்.

“அவளுக்கு ஒரே வார்த்தையில செரின்னுட்ட. எனக்கு மட்டும் ஊரக் காட்டுன” என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கோபமெல்லாம் இல்லை, களைத்துப் போயிருந்தான்.

“உன்னையும் அதேதான கேட்டேன் அப்பாசாமி? அவ பேசட்டும்னா. நீ எந்திரிச்சுப் போயிக் கூரை மேஞ்ச. செரி, உனக்குப் பயமாட்டிருக்குதுன்னு நானும் உட்டுட்டேன்.”

அன்றைக்கு அரிவாளை நிறுத்திவிட்டு அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. மறுப்பவன் அப்படிப் பார்த்துக்கொண்டு இருக்கமாட்டான். ஆறு வருசம் அவன்மேல் போட்ட பழி என்னுடையது.

“பேசட்டும்” என்றேன். மாதேஸ்வரனுக்குக் கேட்கும் என்று தெரிந்தே சத்தமாகச் சொன்னேன். மாதேஸ்வரனின் கை நின்றது.

சின்னுசாமி எழுந்து ஏறினான். நான் அடியை அழுத்திப் பிடித்தேன். அவன் ஒரு கொத்தோடு இறங்கி வந்து என் கையில் வைத்தான். பாதிக்கு மேல் பழுத்திருந்தது. ஒரு மணியைக் கடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, காரம் என்று சொல்லிக்கொண்டேன்.

“உங்க துணியெல்லாம் எடுத்தாரட்டுங்களா மாமா?” என்றாள் கோகிலா.

தலையாட்டினேன். ஆனாலும் அவள்மேல் பொறாமை போகவில்லை. ‘பேசட்டும்’ என்ற அந்த ஒரு வார்த்தை அவள் வாயில் இருபத்து மூன்று வயதில் வந்துவிட்டது. எனக்கு நாற்பத்தெட்டு ஆயிற்று.