மிதிப்பை எடை போட்ட வண்டி

சந்தைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் தராசக்கா. முப்பத்தொரு வருஷம் எடை அளவை ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாக ஏறி, எடைக்கல்லில் முத்திரை இருக்கிறதா, தராசு நேராக நிற்கிறதா என்று பார்ப்பது உத்தியோகம். அலுவலகத்தில் இருந்தது ஒரே ஒரு ஜீப். அதில் ஆண் அதிகாரிகள் போனார்கள். அக்கா சைக்கிளில் போனார். பின்னால் கேரியரில் பத்து கிலோ சோதனைக் கற்கள் அடுக்கிய மரப்பெட்டி. தெருமுனையில் அந்த மணிச்சத்தம் கேட்டதும் பாதிக் கடைகளில் திடீரென்று தராசைத் துடைக்கும் சுறுசுறுப்பு பிறக்கும். தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தத்தைப் பிடுங்கி எறியத்தான் அத்தனை சுறுசுறுப்பும்.

ஓய்வுபெற்ற அடுத்த சனிக்கிழமையே, மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள சந்தையின் வாசலில் ஒரு மடக்கு மேசையைப் போட்டார். மேசைமேல் சொந்தத் தராசு, முத்திரை வாங்கிய சொந்தக் கற்கள். முன்னால் ஓர் அட்டை: 'நீங்கள் வாங்கியது எவ்வளவு? இங்கே நிறுத்துப் பாருங்கள். இலவசம்.' யாரையும் பிடிக்க, அபராதம் போட அவருக்கு இப்போது அதிகாரம் கிடையாது. எண்ணைச் சொல்வார், அவ்வளவுதான். ஒரு கிலோ என்று வாங்கியது எண்ணூற்று எழுபது கிராம் என்று நாலு பேர் முன்னால் உரக்கச் சொல்ல அதிகாரம் எதற்கு, தொண்டை போதாதா? பத்து வருஷத்தில் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை.

தவற வைத்தது இடது முழங்கால். அறுபத்தெட்டு வயதில் ஒருநாள், மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில், அது இனி முடியாது என்று சொல்லிவிட்டது. இறங்கித் தள்ளப் பார்த்தார். கற்பெட்டி பின்னால் இழுத்தது. அந்த நேரம் பார்த்துச் சரக்கு வண்டியில் வந்தார் வெங்காயக்காரர். சந்தை வாசலில் முதல் கடை அவருடையது. அக்காவின் மேசையில் அதிகம் தோற்றதும் அவருடைய கிலோதான்.

"எதுக்குக்கா இந்தப் பாடு? வயசு என்ன ஆச்சு! பேசாம வீட்ல காலை நீட்டி உக்காருங்க. இனிமே நாங்க பாத்துக்கறோம்."

எதைப் பார்த்துக்கொள்வார் என்று அக்காவுக்குத் தெரியாதா!

அதன் பிறகு ஏழு சனிக்கிழமைகள் மேசை விரிக்கப்படவில்லை. வாடகைக் கார்க்காரர்கள் பெட்டியைத் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தார்கள். மகன் பெரிய மனதோடு ஒரு யோசனை சொன்னான்.

"சனிக்கிழமை எனக்கு ஆபீஸ்மா. ஞாயித்துக்கிழமைன்னா நானே கொண்டு விடறேன்."

"ஞாயித்துக்கிழமை சந்தையே கிடையாதுடா!"

டாக்டர் நல்லவர். "சைக்கிளை விடவேண்டாம். ஏத்தத்துல முட்டியை அழுத்தாதீங்க. மோட்டார் வச்சது வாங்கிக்கோங்க" என்றார். மருமகள் இதையே இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்காதான் பிடிகொடுக்கவில்லை. காரணம் செலவும் இல்லை, பயமும் இல்லை. மிதிக்கிறவள் நான், தள்ளுகிறது மோட்டாரா? தட்டில் விரலை வைத்து அழுத்துகிறவனை வாழ்நாளெல்லாம் பிடித்தவளுக்கு, இதுவும் விரல் அழுத்துகிற வேலையாகத்தான் பட்டது. ஆனால் எட்டாவது சனிக்கிழமையும் வெங்காயக்காரருக்கு விட்டுக்கொடுப்பதா? வியாழக்கிழமை காலை கொக்கித் தராசு ஒன்றைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கற்பெட்டியையும் காரில் ஏற்றவைத்து, அரைநாள் லீவு போட்ட மகனோடு மேம்பாலத்தடியில் உள்ள சைக்கிள் கடைக்குப் போனார்.

கழுத்துப்பட்டை கட்டிய விற்பனையாளர் நேரே மகனிடம் வந்தார்.

"அம்மாவுக்கா சார்? பெரியவங்களுக்குன்னே ஒரு மாடல் இருக்கு. மூணு சக்கரம். விழவே மாட்டாங்க."

"நான் எப்ப விழுந்தேன்?" என்றார் அக்கா.

அதற்கும் அவர் மகனைப் பார்த்தே சிரித்தார். உட்காரப் போகிறவள் எதிரே நிற்க, ஓட்டப் போகாதவனிடம் வண்டி விற்பது என்ன தொழில் முறையோ! வயதானவர்களின் காது கேட்காது என்று இவர்களுக்கு யார் சொன்னது? கேட்கும். அதனால்தான் வலிக்கிறது.

ஓட்டிப் பார்க்க ஒரு படிவம் வந்தது. கடைசி வரி: 'அறுபது வயதுக்கு மேற்பட்டோர் எனில் பொறுப்பாளர் கையொப்பம்.' மகன் அனிச்சையாகச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். அந்தப் பேனாதான் அக்காவைச் சுட்டது. இவனைத் தன் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவர் அவர்.

"குடுடா அதை" என்று பேனாவை வாங்கினார். "தம்பி, இது எந்தச் சட்டம்? எந்தப் பிரிவு?"

"சட்டம் இல்ல மேடம்... கம்பெனி ரூல்."

"அறுபதுக்கு மேல நாட்டை ஆளலாம், நீதிபதியா உக்காந்து தீர்ப்பு சொல்லலாம். சைக்கிள்ல ஏற மட்டும் பையன் கையெழுத்து வேணுமா? இந்தக் கடை முதலாளிக்கு என்ன வயசு?"

விற்பனையாளர் முதலாளியின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "எழுபத்திரண்டு."

"அவர் கையெழுத்துப் போடறப்ப பக்கத்துல யார் பொறுப்பாளரா நிக்கறா?"

மகன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அக்கா அந்த வரியின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, 'பொருந்தாது' என்று எழுதி, தன் பெயரைப் போட்டார். முப்பத்தொரு வருஷ அரசாங்கக் கையெழுத்து. விற்பனையாளர் படிவத்தை வாங்கி மடித்து வைத்தார்.

முதலில் காட்டிய வண்டி பளபளவென்று இருந்தது. அட்டையில் எடை இருபது கிலோ. அக்கா கொக்கித் தராசை எடுத்து, வண்டியை அதில் மாட்டி, மகனைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். முள் இருபத்தாறில் நின்றது.

"அது... பேட்டரி இல்லாத எடை மேடம்."

"பேட்டரியைக் கழட்டி வச்சிட்டு எதை ஓட்டறது? என் வீட்டு வாசல்ல ரெண்டு படி இருக்கு. ஆறு கிலோவை நீ வந்து தூக்குவியா?"

ஆனாலும் ஓட்டிப் பார்த்தார். மிதிகட்டை ஒரு சுற்றுச் சுற்றியதும் பின்னாலிருந்து யாரோ பிடித்துத் தள்ளியதுபோல் வண்டி பாய்ந்தது. காலைச் சும்மா சுழற்றினாலும் அதே பாய்ச்சல்; அழுத்தி மிதித்தாலும் அதே பாய்ச்சல். திரும்பி வந்து இறங்கினார்.

"இது விரல் வைக்கிற வேலை. வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் நடந்தார்.  இன்றோடு மேசை முடிந்தது என்று மகன் நினைத்துவிட்டான்.

உள்ளே பட்டறையில் சக்கரம் கோத்துக்கொண்டிருந்த பெண் மெக்கானிக்குக்கு நாற்பது வயதிருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"அம்மா, நீங்க சொல்றது சரி. அந்த மாதிரியில மிதிகட்டை சுத்துதான்னு மட்டும்தான் பாக்கும். அதோ, மூலையில நிக்குது பாருங்க, அது வேற. அச்சுக்குள்ள ஒரு சென்சார் இருக்கு. உங்க கால் எவ்வளவு அழுத்துதுன்னு எடை போடும். நீங்க கொஞ்சம் குடுத்தா அதுவும் கொஞ்சம் குடுக்கும். நீங்க நிறுத்தினா அதுவும் நிறுத்திடும்."

அக்கா நின்றார். "என்ன போடும்னு சொன்னே?"

"எடைம்மா."

அதுவரை கடையில் யாரும் அக்காவின் பாஷையில் பேசவில்லை.

மூலையில் நின்றது அழகில்லாத சாம்பல் வண்டி. குறுக்குக் கம்பி தாழ்ந்திருந்தது. காலைத் தூக்காமல் ஏறலாம். பேட்டரியைத் தனியே கழற்றலாம் என்பதால் வாசற்படியை இரண்டு நடையில் ஏற்றிவிடலாம். அட்டையில் எடை இருபத்திரண்டு. கொக்கித் தராசில் இருபத்து மூன்றரை. விற்பனையாளர் கையாலேயே அட்டையைத் திருத்தவைத்த பிறகுதான் அக்கா ஏறினார்.

"கார்ல இருக்கிற பெட்டியை எடுத்து வை. பாலத்துக்குப் போறேன்."

"பெட்டி எதுக்கும்மா இப்ப?" என்றான் மகன்.

"வெறும் ஆளா நான் எந்தச் சனிக்கிழமை போயிருக்கேன்?"

காலை பதினொரு மணி வெயிலில், பத்து கிலோ கல்லோடு, ஏற்றம் தொடங்கியது. மோட்டாரை அணைத்துவிட்டு மிதித்தார். இருபதடியில் முழங்கால் முறைத்தது. பொத்தானை அழுத்தினார். கால் கொடுத்ததை வண்டி எண்ணிப் பார்த்து, பக்கத்தில் அதேயளவு வைத்தது. முன்பு கால் நின்றுபோன விளக்குக் கம்பத்தைத் தாண்டும்போது அவருக்குப் பாசங்கம் நினைவுக்கு வந்தது. ஒரு தட்டு தாழ்ந்து நிற்கும் தராசில், மறுபக்கம் எல்லார் கண்ணுக்கும் தெரியக் கட்டிச் சமன்செய்யும் சிறு கல்தான் பாசங்கம். காந்தம் திருட்டு, பாசங்கம் நியாயம். இத்தனை வருஷம் இரண்டையும் பிரித்துப் பார்த்தவள், தன் முழங்கால் விஷயத்தில் மட்டும் குழப்பிக்கொண்டேனே! பாலத்தின் உச்சியில், எந்தக் காரணமும் இல்லாமல், நீளமாக மணியடித்தார்.

சனிக்கிழமை அந்த மணி சந்தை வாசலில் கேட்டது. வெங்காயக்காரர் நிமிர்ந்து பார்த்தார். சாம்பல் வண்டி, மரப்பெட்டி, மடக்கு மேசை. முகம் ஒரு நொடி சுருங்கிப் பிறகு விரிந்தது. பிடி கிடைத்துவிட்ட சந்தோஷம்.

"அட, மோட்டாரா!" என்று நாலு கடைக்குக் கேட்கும்படி கத்தினார். "எல்லாரும் பாத்துக்கோங்க! சொந்தக் கால்ல வரலை நம்ம அக்கா. எங்க எடையில ஒரு கிராம் கூடக்குறைய இருந்தா ஊரைக் கூட்டுவாங்க. இது மட்டும் என்னவாம்?"

சிலர் சிரித்தார்கள். அக்கா அவசரப்படவில்லை. மேசையை விரித்து, தராசை வைத்து, தட்டுகள் அசைந்து நிற்கும்வரை காத்திருந்தார். பிறகு வண்டியின் பேட்டரியைக் கழற்றி, அட்டைக்குப் பக்கத்தில் எல்லாரும் பார்க்க நட்ட நடுவில் வைத்தார்.

"ஆமாப்பா, எனக்கு உதவிக்கு ஒண்ணு இருக்கு. இதோ, மேசை மேலேயே இருக்கு. மறைச்சு வச்சாதானே குத்தம்?" என்றவர், வெங்காயத் தராசைக் கையால் காட்டினார். "இப்ப நீ உன் தட்டைத் திருப்பிக் காட்டு."

 வெங்காயக்காரரின் கை தட்டின் விளிம்புவரை போய், அங்கேயே நின்றது. வாங்கிய வெங்காயப் பையோடு அவர் முன்னால் நின்ற பெண், அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு அக்காவின் மேசைக்கு வந்தாள்.

"ஒரு கிலோன்னு குடுத்தாருங்க."

அக்கா பெட்டியைத் திறந்து ஒரு கிலோக் கல்லை எடுத்தார்.