அந்த வீட்டை மட்டும் விட்டுடு

அந்தப் பகுதியில் எல்லோரும் அவளை மீட்டர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மின்சார அலுவலகத்தில் வீடு வீடாகப் போய் ரீடிங் எடுக்கும் வேலை. தோளில் ஒரு பை, கையில் ஒரு சின்ன மெஷின், வெயிலுக்கு ஒரு துணித் தொப்பி. ஒரு கேட்டைத் தொடும்போதே உள்ளே இருப்பது குரைக்கிற நாயா, கடிக்கிற நாயா என்று அவளுக்குத் தெரியும். எந்த வீட்டில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லை, யார் மீட்டர் பெட்டிக்குள் வீட்டுச் சாவியை ஒளித்து வைக்கிறார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. ஆனால் ஒரு வீட்டுச் சேதியை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டாள். "பார்த்தோமா, குறிச்சோமா, வந்தோமான்னு இருக்கணும்" என்பாள். தனக்கு வாய்த்த நல்ல குணம் அது என்றே நினைத்திருந்தாள்.

கணவன் பஸ் டெப்போவில் மெக்கானிக். ஒரே மகள், பதினான்கு வயது. அவரவர் வேலையை அவரவர் செய்ய வேண்டும் என்பது அந்த வீட்டில் சட்டம். மகள் நாலாம் வகுப்பிலிருந்தே தன் ஷூவைத் தானே கழுவினாள். வீட்டுப்பாடத்தை மறந்து போனால் டீச்சரிடம் திட்டையும் தானே வாங்கிக்கொண்டாள். "நீ வளக்குறது பொண்ணா, சிப்பாயா?" என்று கணவன் கேலி செய்வான். அவள் சிரிப்பாளே தவிர, பிடியை விடமாட்டாள்.

மகள் ஹேண்ட்பால் ஆடினாள். அவளுடைய கிளப் அந்த வருஷம் வெளியூர்ப் போட்டிக்குப் போக வேண்டியிருந்தது. செலவுக்குப் பணம் திரட்ட, ஆளுக்கொரு பெட்டி சாக்லேட் கொடுத்து விற்று வரச் சொன்னார்கள். மற்ற பெற்றோர் அந்தப் பெட்டிகளைத் தங்கள் ஆபீசுக்கு எடுத்துப்போய், டீ நேரத்தில் பக்கத்து மேஜைக்காரர்கள் தலையில் கட்டினார்கள்.

"டெப்போவுல கொண்டு போய் வெச்சா மத்தியானத்துக்குள்ள காலி" என்றான் கணவன்.

"அப்படின்னா போட்டிக்கும் நீங்களே போய் ஆடிட்டு வாங்க. அவ டீம், அவ பெட்டி. அவளே விக்கட்டும்."

சனிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது மகளுக்கு எல்லாம் சொன்னாள். நம்ம தெருவும் பக்கத்துத் தெருவும் போதும். யார் கூப்பிட்டாலும் வீட்டுக்குள்ளே போகாதே. விளக்கு போடுறதுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்துடு. கடைசியாக, செருப்பை மாட்டிக்கொண்டே, "மூலையில பச்சை கேட் போட்ட வீடு இருக்குல்ல, அந்த வீட்டை மட்டும் விட்டுடு" என்றாள்.

"ஏன்?"

"சொன்னா கேளு."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்ல வேண்டியது அதற்கு மேல் நிறைய இருந்தது.

பச்சை கேட் வீட்டில் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் தனியாக இருந்தார். எப்போதும் சலவைச் சட்டை, கத்தரித்த செடிகள், மெதுவான பேச்சு. மீட்டர் வீட்டின் பின்பக்கம் இருந்தது. சுவருக்கும் வீட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் மட்டும் நுழையக்கூடிய சந்து வழியாகப் போக வேண்டும். அவள் போகும்போதெல்லாம் அவர் பின்னாலேயே வந்து, அவள் குறித்து முடிக்கும்வரை வழியை அடைத்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் அவள் திரும்பி வந்தபோது கேட் பூட்டியிருந்தது. சாவி அவர் விரலில் ஆடிக்கொண்டிருந்தது.

"ஒரு டீ குடிச்சிட்டுப் போனா என்ன குறைஞ்சிடும்?"

தெருவில் ஒரு சைக்கிள் போனது, அவள் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவர் சிரித்தார். "விளையாட்டுக்கும்மா" என்று சொல்லிப் பூட்டைத் திறந்துவிட்டார். அவர் அவளைத் தொடவில்லை. ஆனால் அடுத்த வீட்டு ரீடிங்கை அவள் இரண்டு தடவை தப்பாகக் குறித்தாள்.

கணவனிடம் சொன்னால் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு போய்க் கேசில் மாட்டிக்கொள்வான். ஆபீசில் சொன்னால், "ஒண்ணும் நடக்கலையே, அப்புறம் என்ன?" என்பார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து வேலைக்குப் புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள், கல்லூரி முடித்த கையோடு. தெருக்களைப் பிரித்தபோது மீட்டர் அக்கா முட்டி வலியைக் காரணம் காட்டி அந்தத் தெருவை அவளுக்குத் தள்ளிவிட்டாள். அந்த இளம்பெண் நன்றி சொன்னாள். அந்தத் தெருவில் நிழல் அதிகம்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அந்தச் சனிக்கிழமை அவள் வீடு திரும்பியபோது கதவு பூட்டிக் கிடந்தது. மகளின் ஷூ இல்லை. மகளின் போன் உள்ளே சார்ஜரில் கிடந்தது. கணவனுக்கு மாலை ஷிப்ட். அவள் முகம் கழுவினாள், பாலைக் காய்ச்சினாள், ஜன்னலைப் பார்த்தாள். தெரு விளக்குகள் எரியத் தொடங்கின. பாலை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

முதல் வீட்டுப் பெண் வாயில் சாக்லேட்டோடு கதவைத் திறந்தாள். "வந்தாளே. என்ன சாமர்த்தியமாப் பேசுறா உங்க பொண்ணு." அதற்கடுத்த வீட்டிலும் வந்திருந்தாள். தையல்காரர் கடையிலும் வந்திருந்தாள். அவர் ஒன்று வாங்கிக் கல்லாப்பெட்டி மேல் வைத்திருந்தார். மகள் தெருவின் இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கியிருக்கிறாள். ஒரு கேட்டைக்கூட விடவில்லை. மீட்டர் அக்கா நடந்தாள். அவள் நடை வேகமாகிக்கொண்டே போனது.

திருப்பத்தில் மகளோடு ஆடுகிற பெண் ஒருத்தி காலிப் பெட்டியோடு நின்றிருந்தாள்.

"அவளைப் பார்த்தியாம்மா?"

"பச்சை கேட் வீட்டுக்குப் போறேன்னு சொன்னா ஆன்ட்டி. பாதிப் பெட்டி மிச்சம் இருந்துச்சு. அந்த அங்கிள் வருஷா வருஷம் பெட்டியோட வாங்கிக்குவாருன்னு கோச்தான் எங்க எல்லாருக்கும் சொன்னாரு."

"எப்போ போனா?"

"அப்பவே."

அவள் ஓடினாள்.

கேட் உள்ளே பூட்டியிருந்தது. முன்கூடத்தில் விளக்கு எரிந்தது. வாசல் படியில் மகளின் சாக்லேட் பெட்டி, மூடி திறந்தபடி. பெட்டி இருக்கிறது, பெண் இல்லை. கேட்டைப் பிடித்து உலுக்கினாள். அவர் துண்டில் கையைத் துடைத்தபடி நிதானமாக வந்தார்.

"அட, மீட்டரா? ரொம்ப நாளாச்சு."

"என் பொண்ணு எங்க?"

"ஓ, அது உன் பொண்ணா?" அவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். "ஆமா, ஜாடை இருக்கு. உள்ள வாயேன், பேசலாம்."

அவள் மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். இத்தனை வருஷத்தில் அந்தத் தெருவில் அவள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. தையல்காரர் கத்தரிக்கோலோடு ஓடி வந்தார். அவள் கேட்டில் கால் வைத்து ஏறவே தொடங்கிவிட்டாள். அப்போது பின்தெரு முனையிலிருந்து ஒரு குரல்: "அக்கா, இறங்குங்க. பொண்ணு என்கிட்ட இருக்கா."

பின்வீட்டு நர்ஸ் அவள். அவள் தோளில் சாய்ந்தபடி மகள் வந்தாள். வலது உள்ளங்கை முழுக்கக் கட்டு. கட்டுக்கு மேலும் ரத்தம் கசிந்திருந்தது. "சுவர் ஏறிக் குதிச்சிருக்கா, மேல பதிச்ச கண்ணாடி கிழிச்சிடுச்சு. உங்க நம்பர் கேட்டா தரமாட்டேங்கிறா. திட்டுவீங்களாம்."

மகள் விக்கி விக்கிச் சொன்னாள். மொத்தமும் வாங்கிக்கிறேன், உள்ளே கொண்டுவந்து வை என்றாராம். அவள் உள்ளே போகவில்லை. படியில் வைத்துவிட்டுத் திரும்பினாள். கேட் பூட்டியிருந்தது. அவர் சிரித்தார். அவள் பின்பக்கச் சந்துக்குள் ஓடினாள். அவர் ஓடவில்லையாம், நடந்தே வந்தாராம். "நீ விட்டுடுன்னு சொன்ன. நான்தான் கேக்கலம்மா."

"உன் மேல தப்பு இல்ல. அந்த ஆளைப் பத்தி எனக்கு முன்னாடியே தெரியும்."

மகள் அழுகையை நிறுத்தினாள். "தெரிஞ்சா ஏன் சொல்லல?"

தெருவில் அத்தனை பேர் நின்றார்கள். மீட்டர் அக்கா மகளின் கட்டுப் போட்ட கையைத் தாங்கிப் பிடித்து ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டு அங்கிருந்து நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். டெப்போவிலிருந்து கணவனும் வந்து சேர்ந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் போன போக்கைப் பார்த்து, அவன் கையை அவள் விடவே இல்லை. பச்சை கேட் வீட்டுக்காரர் தன் பக்கத்தை ஏற்கெனவே போனில் சொல்லியிருந்தார்: பூட்டு பழக்கதோஷத்தில் போட்டது, பிள்ளைகள் சுவர் ஏறினால் நான் என்ன செய்வது?

இன்ஸ்பெக்டர் அம்மா கேட்டார்: "வேற யாருக்காவது இப்படி நடந்திருக்கா?"

"எனக்கு."

"அப்பவே வந்து சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கணும்" என்றாள். பிறகு, "இன்னொருத்தியும் இருப்பா மேடம்" என்றாள்.

திங்கட்கிழமை மதியம், ஆபீசில், அந்தத் தெருவை வாங்கிக்கொண்ட இளையவள் சாப்பிட உட்கார்ந்தபோது மீட்டர் அக்கா எதிரில் போய் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். இளையவள் டப்பாவைத் திறந்தவள் மூடிவிட்டாள்.

"எனக்கு மூணு தடவை நடந்துச்சுக்கா. நான்தான் ஏதோ தப்பாச் சிரிச்சிட்டேன் போலன்னு நெனச்சேன்." டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, "தெரிஞ்சுதான் அந்தத் தெருவை எனக்குக் கொடுத்தீங்களா?" என்றாள்.

"ஆமா."

இளையவள் எழுந்து போய்விட்டாள். மறுநாள் தனியாக ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு மீட்டர் அக்காவோடு அவள் பேசுவதில்லை.

கோச் வீட்டுக்கு வந்தார். "கிளப்புக்கு எவ்வளவோ செஞ்ச மனுஷன். கொஞ்சம் யோசிச்சுப் பண்ணுங்க" என்றார். "யோசிச்சுதான் சார் ரெண்டு வருஷம் வீணாப் போச்சு" என்றாள் அவள். பெற்றோரைப் பிள்ளைகளோடு கூட்டச் சொன்னாள். விளையாட்டு அறையில், வலைகளும் பந்துகளும் குவிந்திருந்த மூலைக்கு முன்னால் நின்று, தனக்கு நடந்ததையும் தான் செய்ததையும் ஒன்று விடாமல் சொன்னாள். கூட்டத்தில் ஒரு தாய் தன் மகளின் காதில் ஏதோ கேட்டாள். போன வருஷம் முழுப் பெட்டியையும் முதலில் விற்று முடித்துப் பாராட்டு வாங்கியவள் அந்தப் பெண். அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் அவளை எழுப்பி வெளியே கூட்டிப்போனாள். கதவு சாத்திக்கொண்டது.

அந்தப் பெண்ணும் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த பிறகுதான் கேஸ் பலமானது, பச்சை கேட் வீட்டுக்காரரைக் கைது செய்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் ஜாமீனில் வந்துவிட்டார். விசாரணை இன்னும் முடியவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூரில் தங்கை வீட்டோடு போயிருப்பதாகப் பேச்சு. அந்தத் தங்கை வீட்டுப் பக்கத்தில் பள்ளிக்கூடம் ஏதாவது இருக்கிறதா என்று மீட்டர் அக்கா விசாரித்தாள். இருக்கிறதாம், எதிரிலேயே. இன்ஸ்பெக்டர் அம்மாவுக்குப் போன் போட்டாள். ஆபீசில் லீவு சொன்னாள். மறுநாள் காலை, அந்தப் பள்ளிக்கூடத்தில் விஷயத்தைச் சொல்ல, மகளையும் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் பஸ் ஏறினாள்.