திறக்காத ஃபைலும் திறந்து கிடந்த ஜன்னலும்

உலகம்மாள் அக்கா இறந்துவிட்டார். நேற்று மாலை, அச்சன்புதூரில். எனக்குத் தகவல் இன்று காலைதான் வந்தது.

இரங்கல் போஸ்டரைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். கணவர் பெயர், மகன்கள் பெயர், மகன்கள் பார்க்கும் வேலை, மருமகள்கள் பார்க்கும் வேலை... அக்காவுக்கு வேலை என்று ஒன்றும் போடவில்லை.

நான் போடுகிறேன். எண்பதுகளின் கடைசியில், தென்காசியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கட்டிட டிராயிங் போட்டவர். எனக்குத் தெரிந்து அப்போது ஊரில் வேறு யாரும் கிடையாது.

பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் எங்கள் மேனேஜர் அண்ணாச்சியும் இரங்கல் எழுதியிருக்கிறார். "நம் ஆபீஸின் மகாலட்சுமி." கூடவே வரிசையாகக் கும்பிடும் கைகள். அந்தக் கைகளைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அது ஒரு தனியார் இன்ஜினியர் ஆபீஸ். நானும் அக்காவும் டிராயிங் செக்‌ஷன். நான் பலகையில் பென்சிலோடு. அக்கா மதுரைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து கம்ப்யூட்டரில்.

அக்கா தன் அப்பாவிடம் மன்றாடிச் சம்மதம் வாங்கி வந்த வேலை. "ஊருல ஒரு சொல்லு வரக்கூடாது. வந்தா அன்னைக்கே வேலைய விட்டுட்டு வீட்டுல இரி" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அக்காவே சிரித்துக்கொண்டு சொல்வார்.

கம்ப்யூட்டர் ரூமில் ஏ.சி. ஓட வேண்டும், தூசி ஆகாது, செருப்பை வெளியே விடுங்கள் என்று மெஷினை விற்றவர் சொல்லிவிட்டுப் போனார். செருப்பைக் கழற்றினால் அது சந்நிதி. எங்கள் ஊரில் இதற்கு வேறு அர்த்தம் கிடையாது. ஒரே வாரத்தில் மானிட்டருக்குச் சந்தனப் பொட்டு வந்தது. முதலாளி சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போகவில்லை, அவ்வளவுதான்.

குற்றாலத்தில் சீசன் வந்தது. முதலாளி ஏ.சி.யை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தார்.

"சார், ஈரம் ஆகாது சார்" என்றார் அக்கா.

"குத்தாலத்துச் சாரல் காத்தும்மா. அம்புட்டும் மூலிகை. இதுக்குத்தான் மெட்ராஸ்காரன் ரயிலேறி வாரான். நம்ம மெஷினுக்குச் சும்மா கெடைக்கு. அனுபவிக்கட்டும்."

மெஷின் அனுபவித்தது. ஆடி பிறக்குமுன் ஹார்டு டிஸ்க் கரகரவென்று இருமி நின்றுவிட்டது.

உள்ளே இருந்தது ஐந்தருவி ரோட்டில் பாதி எழும்பி நின்ற ஒரு லாட்ஜின் மொத்த டிராயிங். காப்பி எடுத்து வைக்க அக்கா ஃப்ளாப்பி கேட்டுக்கொண்டே இருந்தார். "அதான் உள்ள இருக்கே, எதுக்கு இன்னொண்ணு?" என்று முதலாளி வாங்கித் தரவே இல்லை.

டிஸ்க் மெட்ராஸுக்குப் போனது. எல்லாவற்றையும் மீட்டுவிட்டோம் என்று ஒரு பெட்டி ஃப்ளாப்பி திரும்பி வந்தது. ஃபைல்களுக்குப் பெயர் போயிருந்தது. வெறும் நம்பர்.

புது டிஸ்க் வாங்கிப் போட்டு, அக்கா ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் "இது டிராயிங் ஃபைலே அல்ல" என்று மெஷின் இங்கிலீஷில் சொன்னது. முதலாளியிடம் அவ்வளவு நேராகப் பேசியவர்கள் அந்த ஆபீஸில் அதுவரை கிடையாது.

ஒன்றே ஒன்று திறந்தது. அதில் ஒரு மாடிப்படி. கட்டிடம் இல்லை... படி மட்டும் கீழிருந்து கிளம்பி அந்தரத்தில் போய் நின்றது.

லாட்ஜ்காரர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். அவர் போனதும் மேனேஜர் அண்ணாச்சி, ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி முதலாளியிடம் ரகசியம் சொன்னார்.

"சார், மெஷின் நின்ன அன்னைக்கு அந்தப் பிள்ளை தூரமா இருந்துச்சான்னு கேளுங்க. அந்த நேரத்துல அந்த ரூமுக்குள்ள போனா எப்படி வெளங்கும்?"

முதலாளி கேட்டார். இன்ஜினியரிங் படித்தவர். எல்லார் முன்னாலும் வைத்துக் கேட்டார்.

"சார், ஜன்னல்..." என்று நான் ஆரம்பித்தேன். "ஏலே, நீ பென்சிலச் சீவு" என்றார் முதலாளி.

அக்கா எழுந்து நின்றார். குரல் ஏறவே இல்லை.

"எனக்கு மாசத்துல மூணு நாளு சார். ஜன்னலு சீசன் பூராவும் தொறந்து கெடக்கு."

யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பைத்தான் முதலாளியால் தாங்க முடியவில்லை.

மறுநாள் தீட்டுக் கழிக்கக் குருக்கள் வந்தார். கலசம், மாவிலை, மந்திரம். ஈரத்தில் செத்த மெஷினின் மேல், புது டிஸ்க்கோடு சேர்த்து, தாராளமாகத் தண்ணீர் தெளித்தார்கள். கீபோர்டுக்குத் தனியாக. அக்காவை வாசலில் நிறுத்தியிருந்தார்கள்.

தெளித்து முடிந்ததும் முதலாளியே நெற்றியில் விபூதியோடு உட்கார்ந்து ஒரு ஃபைலைத் திறந்தார். தீட்டுக் கழிந்த பிறகும் மெஷின் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

"நீ இனிமே இந்த ரூமுக்குள்ள வர வேண்டாம்மா. வெளிய உக்காந்து டைப் அடிச்சாப் போதும்."

அன்று சாயங்காலத்துக்குள் பேச்சு மேலகரத்தில் அக்காவின் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டது. வழியில் ஒன்றிரண்டு விவரம் கூடச் சேர்ந்துகொண்டது. மெஷினைக் கெடுத்த பிள்ளை... அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

அடுத்த நாள் டிபன் பாக்ஸை எடுத்துப்போக அக்கா வந்தார். அப்பா தெருவில் சைக்கிளோடு நின்றார். எங்கள் யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை.

உள்ளே லாட்ஜ்காரரின் போன். முதலாளி ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு கத்தினார். "ஏம்மா, அப்ப அந்த ஃபைல யாருதாம்மா தொறப்பா?"

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார்.

"குருக்களக் கூப்பிடுங்க சார். ஒருக்கா தெளிச்சது பத்தல போல."

போய் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் எந்தக் கம்ப்யூட்டர் முன்னாலும் உட்காரவில்லை.

இன்று மதியம் எடுக்கிறார்கள். கிளம்பிவிட்டேன் அக்கா.