அணைக்காத சைரன்

ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் முட்டைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பச்சைக் குழந்தைகளுக்கான ஆம்புலன்ஸை ஓட்ட வருவதற்கு முன்னால் பல வருஷம் முட்டை லாரி ஓட்டியவர். வேலை கேட்டு வந்த அன்று பெரிய டாக்டர், "இதுவரைக்கும் எத்தனை முட்டை உடைச்சிருப்பீங்க?" என்று கேட்டாராம். "நான் உடைச்சதைவிட என் வீட்டுக்காரி அடுப்படியில உடைச்சதுதான் சார் ஜாஸ்தி" என்றாராம் இவர். அந்தச் சிரிப்பிலேயே வேலை கிடைத்துவிட்டது.

மாசம் நிறைவதற்குள் பிறந்தவை, மூச்சுக்குத் திணறுபவை என்று சின்ன ஆஸ்பத்திரிகள் கைவிரித்த குழந்தைகளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவது அவர் வேலை. வண்டியின் பின்பக்கம் கதகதப்பான கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தை, பக்கத்தில் நர்ஸ். முன்பக்கம் இவரும் குழந்தையின் அப்பாவும். வண்டி தூக்கிப் போட்டால் மூச்சுக்குழாய் நழுவிவிடும் என்பதால், சாலையின் ஒவ்வொரு பள்ளமும் அவருக்குப் பங்காளி மாதிரி. எது எப்போது காலை வாரும் என்று தெரியும். "எங்களை ஏத்திக்கிட்டா மட்டும் பள்ளம் பள்ளமா விடுறீங்க" என்பாள் மனைவி. "நீங்கல்லாம் முத்திப்போனவங்க, உடைய மாட்டீங்க" என்பார்.

அன்று பகல் அவர்கள் எடுக்கப் போனது ஒரு பெண் குழந்தையை. உள்ளங்கையில் அடங்கிவிடும் போலிருந்தாள். அறுவை சிகிச்சை செய்திருந்த அம்மாவுக்கு இன்னும் மயக்கம் தெளியவில்லை. அப்பா தையல்காரர். கடையிலிருந்து ஓடிவந்தவர், கழுத்தில் அளவு நாடாவைக் கழற்ற மறந்திருந்தார்.

"அவ கண்ணு முழிச்சதும் ஒரு தடவை காட்டிட்டுக் கிளம்பலாமா?" என்று கேட்டார்.

"அதுக்கெல்லாம் நேரமில்லை, கிளம்புங்க" என்றார் அங்கிருந்த டாக்டர். அவர் சொன்னதும் நியாயம்தான்.

வண்டி நகர்ந்ததும் தையல்காரர் பேச ஆரம்பித்தார். பயந்த மனுஷனுக்குப் பேச்சுதான் பிடிமானம். "முன்னாடியே ரெண்டு சட்டை தைச்சு வச்சிட்டேண்ணே. இப்பப் பார்த்தா ஒரு சட்டைக்குள்ள இவளை மாதிரி நாலு பேரைப் போடலாம்."

பாதி வழியில் தடுப்புக் கண்ணாடியை நர்ஸ் தட்டினாள். "அண்ணே, ஓரங்கட்டுங்க. பின்னாடி வாங்க, ஒரு கை வேணும்."

"குழாயைச் சரி பண்ணணும் தம்பி, நீங்க உக்காருங்க" என்று சொல்லிவிட்டு இவர் பின்னால் ஏறினார். நர்ஸ் இரண்டு விரலால் அந்தச் சின்ன நெஞ்சை அழுத்தினாள். அவள் கற்றுக்கொடுத்திருந்தபடி இவர் காற்றுப் பையை அமுக்கி அமுக்கி விட்டார். போனில் பெரிய டாக்டர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்து, "போதும்மா, விட்டுடு" என்றார்.

நர்ஸ் கையை எடுக்கவில்லை. "போலாம்ணே. இனிமே மெதுவாவே போங்க" என்றாள்.

முன்னால் ஏறி உட்கார்ந்தார். "சரியாயிடுச்சாண்ணே?" என்று தையல்காரர் கேட்டார். இவர் கை சைரன் பொத்தான் வரைக்கும் போயிற்று. அணைத்தால் தையல்காரருக்குப் புரிந்துவிடும். நடுச்சாலையில், தாங்கிப் பிடிக்க ஒரு சொந்தபந்தம் இல்லாமல் இந்த மனுஷன் என்ன ஆவான்? கையை இழுத்துக்கொண்டார். "போலாம் தம்பி" என்று மட்டும் சொன்னார்.

சைரன் கத்திக்கொண்டே இருந்தது. பஸ்கள் ஒதுங்கின. ஒரு போலீஸ்காரர் ஓடிவந்து குறுக்கே வந்த வண்டிகளை மறித்தார். வழி விட்டவர்களுக்கெல்லாம் தையல்காரர் ஜன்னல் வழியாகக் கைகூப்பிக்கொண்டே வந்தார். இவருக்கு அந்தப் பக்கம் திரும்பவே கூசியது.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் விஷயத்தைச் சொன்ன பிறகு, தையல்காரர் வண்டியடிக்கு வந்து நின்றார்.

"உங்களுக்கு அப்பவே தெரியும், இல்ல?"

"தெரியும் தம்பி."

"சொல்லியிருந்தா பின்னாடி போய் அவ பக்கத்துல உக்காந்திருப்பேனே. எங்களுக்குன்னு இருந்தது வண்டியில வந்த அந்த வழி ஒண்ணுதானேண்ணே."

முட்டைக்காரர் நல்லது செய்வதாக நினைத்துத்தான் மறைத்திருந்தார்.

ஆம்புலன்ஸை அடுத்த குழந்தைக்குத் தயார் செய்ய வேண்டும். வேறொரு டிரைவரிடம் அதை ஒப்படைத்துவிட்டு, குழந்தையை அம்மாவிடம் கொண்டுபோக ஆபீஸில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பழைய வேனைக் கேட்டு வாங்கினார். இந்தத் தடவை அப்பா பின்னால், மடியில் மகளோடு. நர்ஸும் கூட வந்தாள்.

அம்மா விழித்திருந்தாள். துணியை விலக்கி விலக்கிப் பார்த்தாள். விரல்களைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள். அப்புறம் வாசலில் நின்ற முட்டைக்காரரைப் பார்த்து, "தனியாவா இருந்தா?" என்றாள்.

"இல்லம்மா. இந்த நர்ஸம்மா கையை எடுக்கவே இல்ல. நானும் பக்கத்துல இருந்தேன்."

அவள் தலையசைத்தாள். அவர் வெளியே வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "அவன் கேட்டது சரிதான்" என்றாள். பிறகு அவர் முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வாரம் அவரும் நர்ஸும் சேர்ந்து போய்ப் பெரிய டாக்டரிடம் பேசினார்கள். இப்போதெல்லாம் கண்ணாடிப் பெட்டி வண்டிக்குப் போகும் வழியில் அம்மாவின் கட்டிலருகே ஒரு நிமிஷம் நிற்கிறது. அம்மா மயக்கத்தில் இருந்தாலும் அவள் விரலைக் குழந்தையின் மேல் வைத்து எடுக்கிறார்கள். தடுப்புக் கண்ணாடி தட்டப்பட்டால் முட்டைக்காரர் குழந்தையின் அப்பாவிடம் எதையும் மூடி மறைப்பதில்லை.

தையல்காரரை அவர் மறுபடியும் பார்க்கவில்லை. அந்த ஊருக்குப் போகும்போதெல்லாம் கடைத்தெருவைத் தவிர்த்துச் சுற்றுவழியில் போகிறார்.