மேருவில் அடைப்பு வைத்த வீட்டை விற்கப் போன பயணம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மார்ச் மாதம், அண்ணன் வீட்டை விற்றுக் கொடுப்பதற்காக ஈப்போவிலிருந்து கிள்ளானுக்குப் போனேன். வீடு விற்கவோ வாங்கவோ ஊர்விட்டு ஊர் போகிறவர்களுக்கு இது உதவலாம். சுற்றிப் பார்த்த கதை தேடி வந்தவர்கள் மன்னிக்கவும். அந்தப் பயணத்தில் நான் ஒரு கோயிலுக்குக்கூடப் போகவில்லை.

அண்ணன் வீடு கிள்ளானுக்கு வடக்கே மேருவில் இருந்தது. ஈரல் கெட்டு, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் கைவிரித்ததும், “என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ” என்று அண்ணன் அண்ணியிடம் கேட்டார். அண்ணியும் கூட்டி வந்தார். சில நாளில் முன்னறையில் உயிர் போனது. அன்று அவிட்ட நட்சத்திரம். அந்த நட்சத்திரத்தில் சாவு விழுந்தால் வீட்டை ஆறு மாதம் பூட்டி வைப்பது நம் சனங்கள் வழக்கம். அடைப்பு என்பார்கள். அண்ணி இரண்டு பிள்ளைகளோடு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தன் தங்கை வீட்டு ஒற்றை அறைக்குப் போனார்.

ஆஸ்பத்திரியிலேயே விட்டிருந்தால் வீட்டுக்கு இந்தத் தோஷம் வந்திருக்குமா என்று சொந்தக்காரர்கள் அண்ணியின் காதுபடவே பேசினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அண்ணியோ ஒரு வார்த்தை பதில் சொன்னதில்லை. ஆறு மாதம் கழிந்தும் அந்த வாசலை மிதிக்கவில்லை. வாங்க வந்த இரண்டு பேர் அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு நழுவிவிட்டார்கள். வீடு விற்றால்தான் அண்ணிக்குத் தனியாக ஒரு கூரை அமையும்.

இந்த நிலையில்தான் ஒரு கொரியக் குடும்பம் வீட்டைக் கேட்பதாகத் தகவல் வந்தது. ஈப்போவிலிருந்து கோலாலம்பூரின் புடுராயா பஸ் நிலையத்துக்கு ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். பஸ் கட்டணம் ஒன்பது வெள்ளி, பயணம் நாலு மணி நேரம். ஏர்கான் உறைய வைத்துவிடும், துண்டு எடுத்துப் போங்கள். அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு டாக்சி. ஓட்டுநர் மீட்டர் போட மறுத்து ஐந்து வெள்ளி கேட்டார், மூன்றுக்கு இறங்கினார்.

வீட்டு ஏஜெண்ட் பரமேஸ்வரி அக்காவின் ஆபிஸ் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. எண்பதுகளில் இங்கே கட்டட வேலைக்கு வந்த கொரியக் கம்பெனி ஒன்றில் ஏழு வருடம் கிளார்க்காக இருந்து அந்தப் பாஷையைக் கற்றவர். கொரியக் குடும்பங்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பதோடு, தண்ணீர், மின்சாரம் பெயர் மாற்றுவது, வக்கீல் முன்னால் ஒவ்வொரு பக்கத்தையும் அவர்கள் பாஷையில் விளக்குவது எல்லாம் இவர் தலையில்தான்.

அவருடைய புரோட்டோன் காரில் கிள்ளானுக்குக் கிளம்பினோம். பாதி வழியில் அக்கா பேச்சை எடுத்தார்.

“தம்பி, அண்ணன் அந்த வீட்டுல செத்தத அவங்ககிட்ட சொல்லணும். நீங்க சொல்லுங்க, நான் கொரிய பாஷைல சொல்றேன்.”

“ஏற்கனவே ரெண்டு பேரு ஓடிட்டாங்க லா அக்கா. இவங்களுக்கு அவிட்டம் தெரியுமா, அடைப்பு தெரியுமா? எதுக்குச் சொல்லணும்?”

“தெரியாது, அதான் சொல்லணும். பக்கத்து வீட்டுல பேசுறது அவங்களுக்குப் புரியாது. என் வாய நம்பி வர்றாங்க. நீங்க மறைச்சா நான் காரத் திருப்பிடுவேன்.”

எனக்குக் கோபம் வந்தது. ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிறார், என் அண்ணிக்கு யார் பேசுவது என்று நினைத்தேன். ஆனால் அவரை விட்டால் வேறு வழியில்லை, சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டேன்.

வாங்க வந்தவர் பெயர் பார்க். மேருவில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். மனைவியும் வந்திருந்தார். முன்னறையில் நின்று நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணனைக் கூட்டி வந்ததையும் அடைப்பையும்கூட. அக்கா ஒன்றையும் விழுங்காமல் சொன்னதாகத்தான் தெரிந்தது, அவ்வளவு நேரம் பேசினார். பார்க் தரையைப் பார்த்தபடி நின்றார். போச்சு, இதுவும் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

பார்க் மெல்லப் பேசத் தொடங்கினார். அக்கா என் பக்கம் திரும்பினார்.

“இவரோட அண்ணன் அரபு நாட்டுக்குக் கட்டட வேலைக்குப் போய் அங்கயே இறந்துட்டாராம். வெளிய செத்தவங்கள இவங்க ஊருல வீட்டுக்குள்ள கொண்டு வர மாட்டாங்க தம்பி. அம்மா வாசலுக்கு வெளிய நின்னுதான் மகன் மொகத்தப் பாத்தாங்களாம். ‘உங்க அண்ணன் சொந்த வீட்டுல, சம்சாரம் பக்கத்துல இருக்க, கண்ண மூடியிருக்காரு. கூட்டிட்டு வந்தவங்க புண்ணியம் பண்ணியிருக்காங்க. இது நல்ல வீடு’ங்கிறாரு.” பிறகு அவராகவே சேர்த்துச் சொன்னார். “புண்ணியம்னு அவரு சொல்லல. எனக்கு வேற வார்த்தை வரல.”

நான் அழுதுவிட்டேன். அன்று சாயங்காலமே அக்கா என்னோடு பிரிக்பீல்ட்ஸில் அண்ணியிடம் வந்து அதை அப்படியே சொன்னார். “இன்னொரு தடவ சொல்லுங்கக்கா” என்றார் அண்ணி. அக்கா மறுபடி சொன்னார்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள். இப்போது கே.எல். சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்குக் கொமியூட்டர் ரயிலே போகிறது, அதில் போங்கள். வாங்குபவர் வெளிநாட்டவர் என்றால் மாநில அரசின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும், அவசரத் திட்டம் எதுவும் போடாதீர்கள். அவர் பாஷை தெரிந்த ஏஜெண்டைப் பிடியுங்கள். நமக்குப் பிடிக்காததையும் அந்தப் பாஷையில் சொல்கிற ஆளாக இருக்கட்டும்.

ஒப்புதல் வந்து சாவி கொடுக்கும் நாளில் அண்ணியும் வந்தார். புது வீட்டுக்குள் முதலில் சோற்றுப் பானையைக் கொண்டுபோவது கொரியர் வழக்கமாம். பார்க்கின் மனைவி அதைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார். “நான் ஒருவாட்டி உள்ள போய்ட்டு வரலாமான்னு கேளுங்கக்கா” என்றார் அண்ணி. அக்கா கேட்டதும் அந்த அம்மாள் பானையோடு விலகி வழிவிட்டார்.

அண்ணி முன்னறைக்குப் போய், அண்ணன் படுத்திருந்த இடத்தில் உட்கார்ந்தார். யார் என்ன சொன்னபோதும் வாய் திறக்காதவர், அன்று வாசல் வரை கேட்கும்படி பேசினார். “நான் சரியாத்தாங்க செஞ்சிருக்கேன். ஒங்கள வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தது சரிதாங்க.”

அவர் எழுந்து வெளியே வரும்வரை பார்க்கின் மனைவி பானையைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தார்.