வராதவர்கள் பட்டியல்

எங்கள் சபையில் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதெல்லாம் அப்போது எனக்கு அத்துப்படி. பெண்கள் ஐக்கியத்துக்கு நான்தான் செயலாளர். இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். முதல் பாட்டு முடிவதற்குள் லேசாகத் திரும்பி ஒரு பார்வை பார்த்தால் போதும். ஓரிக்கைப் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளர் வேலை பார்த்தேன். தினமும் பிள்ளைகளின் தலையை எண்ணிப் பழகிய கண் அது.

ஒரு வருடம் ஈஸ்டர் முடிந்ததும், ஆறு மாதமாக ஆராதனைக்கு வராதவர்களின் பெயரை எழுதிக் கொடுக்கும்படி ஆயர் கேட்டார். நான் யோசிக்கக்கூட இல்லை. அங்கேயே உட்கார்ந்து பதினோரு பெயர்களை எழுதிக் கொடுத்தேன். அவர்களை வீட்டில் போய்ச் சந்திக்கும் பொறுப்பும் எனக்கே வந்தது. துணைக்கு மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டேன்.

பட்டியலில் முதல் பெயர் செவிலிமேட்டில் இருந்த ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது இளையவள். காந்தி ரோட்டில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் விற்பனைக்கு நிற்பவள். கணவன் இல்லை. மகளையும் மாமியாரையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். மாமியார் கோயிலுக்குப் போகிறவர், எங்கள் சபைக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஒரு வேலை நாள் காலை எட்டரை மணிக்குப் போனோம். சொல்லிவிட்டுப் போகவில்லை. அவள் கடைச் சீருடைப் புடவையைக் கட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் பின் குத்துவதைப் பாதியில் விட்டுவிட்டு நாற்காலி எடுத்துப் போட்டாள், டீ போட்டாள். காணாமல்போன ஆட்டை மேய்ப்பன் தேடிப்போகும் பைபிள் கதையை ஒருத்தி வாசித்தாள். ஏன் வருவதில்லை என்று நான் கேட்டேன்.

"ஞாயித்துக்கெழமதான்கா கல்யாணப் பார்ட்டிங்க வரும். அன்னிக்கு லீவு கேட்டா, நாளைலேர்ந்து வராதன்னுடுவாங்க."

"கர்த்தருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடியலியாம்மா?" என்றேன்.

அவள் டீ டம்ளர்களை எடுத்து ஓரமாக வைத்தாள். நான் ஜெபித்தேன். எனக்கு உரத்த குரல், ஜெபம் நன்றாக வரும் என்று சபையில் பெயரும் உண்டு. விசுவாசத்தை விட்டுப் பின்வாங்கிப்போன இந்த மகளை மன்னியும், உலகத்தின் பின்னால் ஓடுகிற கால்களைத் திருப்பும் என்று நெடுநேரம் கேட்டேன். கதவு திறந்தே இருந்தது. அடுத்த வீட்டுக்காரர்கள் வாசலில் நின்றார்கள். நடுவே டவுன் பஸ் ஒன்று தெருமுனையில் நின்று கிளம்பிப் போனது. அவள் தலை நிமிர்ந்து சத்தம் வந்த பக்கம் பார்த்தாள். ஜெபத்தில் கவனம் இல்லை என்று அதையும் மனதில் குறித்துக்கொண்டேன். அது அவள் போக வேண்டிய பஸ் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகும் அவள் வரவில்லை. மகள் மட்டும் ஒழுங்காக வந்தாள். பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். திடப்படுத்தல் வகுப்பில் சேர்ந்து கேள்வி பதில் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்திருந்தாள். திடப்படுத்தல் என்றால், பேராயர் வந்து பிள்ளைகளின் தலையில் கை வைத்து ஜெபித்து, முதன்முதலாக நற்கருணையின் அப்பமும் ரசமும் கொடுக்கும் நாள். பெண் பிள்ளைகள் வெள்ளை உடுத்திக்கொண்டு வருவார்கள். அதற்கான பெயர்களைச் சபைக் கமிட்டியில் வாசித்தபோது நான்தான் வாயைத் திறந்தேன். தாயே சபைக்கு வராத வீட்டுப் பிள்ளைக்கு இப்போது என்ன அவசரம், தாய் திருந்தி வரட்டும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றேன். யாரும் மறுக்கவில்லை. அந்தப் பெண்ணின் பெயர் மட்டும் அடிக்கப்பட்டது. வெள்ளைச் சுடிதார் அதற்குள் தைத்து வாங்கியாயிற்று என்று பிறகு கேள்விப்பட்டேன். அதோடு அவளும் வருவதை நிறுத்திவிட்டாள். என் பட்டியலில் பன்னிரண்டாவது பெயர் அவளுடையது.

நான்கு வருடம் கழித்து என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. முதல் மாதம் வீடு நிறைய ஆட்கள். ஆயர் நற்கருணையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். போகப்போக ஆட்கள் குறைந்தார்கள். அது இயல்புதான், அதில் எனக்குக் குறையில்லை.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் பார்த்துக்கொள்ள என் நாத்தனார் தயாராகத்தான் இருந்தாள். நீ போய்ட்டு வா என்று வாராவாரம் சொன்னாள். நான்தான் போகவில்லை. போய் உட்கார்ந்தால் பாட வராது என்று தெரிந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கோபம் என்றும் சொல்ல முடியாது. உள்ளே ஏதோ அணைந்துவிட்டது போல இருந்தது. கேட்டவர்களிடம் அவரை விட்டுவிட்டு வர முடியவில்லை என்று சொல்லிவைத்தேன்.

எட்டாவது மாதம் ஒரு காலை, பெண்கள் ஐக்கியத்திலிருந்து நான்கு பேர் வந்தார்கள். புதிய செயலாளர் நான் பழக்கிவிட்டவள். அதே ஆட்டின் கதை. ஜெபமும் ஏறக்குறைய என்னுடையதுதான், சொற்கள்கூட மாறவில்லை. அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. அதை அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பின்வாங்கிப்போன என்ற சொல் வந்தபோது என் கணவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர்கள் போன பிறகு அவரைப் புரட்டிவிட்டேன். அவர் கண்ணில் ஈரம் இருந்தது. தன்னால்தான் எனக்கு இந்தப் பேச்சு என்று நினைத்துவிட்டார். அப்படி இல்லை என்று அவருக்கு நான் அன்று முழுக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த வாரமே நாத்தனாரை உட்கார வைத்துவிட்டுக் காந்தி ரோட்டுக்குப் போனேன். மத்தியான நேரம், கடையில் கூட்டமில்லை. யாரோ பிரித்துப் போட்டுவிட்டு வாங்காமல் போயிருந்த புடவைகளை அந்தச் செவிலிமேட்டுப் பெண் மடித்துக்கொண்டிருந்தாள். உட்காருங்கக்கா என்று, வாடிக்கையாளர் உட்காரும் மெத்தையைக் காட்டினாள். நான் நின்றுகொண்டே வந்த விஷயத்தைச் சொன்னேன். வீட்டுக்கு வந்து அப்படி ஜெபித்தது தப்பு, மகள் பெயரை அடிக்க வைத்ததும் நான்தான் என்றேன். இரண்டாவது விஷயம் அவளுக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன். தெரிந்திருந்தது.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. இரண்டு புடவை மடித்து முடித்த பிறகு பேசினாள்.

"அன்னிக்கு நீங்க போனப்புறம் என் மாமியா கேட்டாங்கக்கா, நீ இன்னாம்மா தப்பு பண்ண, இத்தினி பேர் வந்து உனக்காக மன்னிப்பு கேட்டுகினு போறாங்களேன்னு. எனக்கு இன்னா சொல்றதுன்னே தெரியல."

அடுத்த புடவையை எடுத்து உதறினாள். பிறகு அவளே சொன்னாள்.

"என்னாண்ட சொல்லி இன்னா ஆவுது. பொண்ணாண்ட சொல்லுங்க."

அடுத்த சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன், இந்த முறை போனில் நேரம் கேட்டுக்கொண்டு. மகள் அப்போது கல்லூரியில் மூன்றாம் வருடம். நான் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை.

"அந்த கேள்வி பதில் எல்லாம் இன்னும் மனப்பாடமா இருக்குது ஆன்ட்டி," என்றாள். "ஆனா எனக்கு வரணும்னு தோணல. தோணுச்சின்னா நானே வரேன். நீங்க கூப்பிடாதீங்க."

சரி என்றேன். வேறு எதைச் சொல்லவும் எனக்கு உரிமை இல்லை. மாமியார் உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்து கொடுத்தார். உங்க வீட்டுக்காருக்கு இப்போ எப்படி இருக்குது என்று அவர்தான் கேட்டார். பிசியோதெரபிக்கு எங்கே போகிறோம், கையை மடக்க முடிகிறதா என்றெல்லாம் விசாரித்தார்.

பிறகு கமிட்டிக்கு ஒரு முறை வர அனுமதி கேட்டுப் போனேன். அதற்குள் வேறு ஆயர் வந்திருந்தார். நடந்ததைச் சொல்லி, அந்தப் பட்டியலை நிறுத்தச் சொன்னேன். ஒரு பெரியவருக்கு வருத்தம். அப்படியென்றால் வராதவர்களை யார்தான் தேடுவது என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான். தேடுகிறவர்கள் முதலில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் போதும் என்று மட்டும் சொன்னேன். அன்று ஒரு முடிவும் ஆகவில்லை. இரண்டு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகிறவர்களுக்காகப் புதன்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு சின்ன ஆராதனையை ஆயர் தொடங்கினார்.

அதற்கு ஆறேழு பேர் வருகிறோம். ஜவுளிக் கடைகளில் விற்பனைக்கு நிற்பவர்கள், ஓட்டலில் வேலை செய்யும் ஒருவர், ஒரு நர்ஸ். செவிலிமேட்டுப் பெண் சில புதன்கிழமைகளில் வருகிறாள், சிலவற்றில் வருவதில்லை. வந்தால் என் பக்கத்தில் உட்காருவதில்லை. முடிந்ததும் தலையசைத்துவிட்டுப் போவாள். மகள் இன்னும் வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.

எனக்குப் பாட்டு கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது. ஜெபம் நடத்தச் சொல்லி ஆயர் இரண்டு முறை கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன்.