கஜீபனின் பஸ் நிற்காமல் போன நாள்

நான் நடத்துவது சாப்பாட்டுக் கடை. கஜீபனுக்கு மட்டும் அது கக்கூஸுக்குப் போகிற குறுக்குவழி. கரவனெல்லயிலிருந்து கேகாலைக்கு ஓடும் தனியார் பஸ்ஸில் அவன் கொண்டக்டர். காலை ஏழே காலுக்கு என் கடை வாசலில் பஸ் நிற்கும். அங்கே ஹோல்ட் ஒன்றும் கிடையாது, ஆனாலும் நிற்கும். கஜீபன் குதித்து, மேசைகளுக்கு நடுவே புகுந்து, பின்பக்கம் ஓடுவான். பஸ் நிறைய சனம் காத்திருக்கும். டிரைவர் முக்தார் ஸ்டியரிங்கில் தாளம் போடுவார். நாலு வருஷம் இதே கூத்து. நான் அவனைத் திட்டாத நாளில்லை. வாளியில் தண்ணீர் நிரப்பி வைக்காத நாளும் இல்லை.

பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். பால் வெட்டப் போக மாட்டேன், பஸ்ஸில்தான் போவேன் என்று பதினெட்டு வயதில் ஏறியவன். "இஸ்ஸரஹாட்ட யன்ன, முன்னுக்குப் போங்க" என்று சிங்களம், தமிழ் இரண்டையும் ஒரே மூச்சில் கத்துவான். அந்த வாசல்படியில் நிற்கும்போது அவனுக்கு இருக்கும் மிதப்பைப் பார்க்க வேண்டுமே, பஸ்ஸே அவனுடையது போல.

வயிறுதான் எதிரி. முதலில் அமீபா என்றார்கள். பிறகு மூலம் என்றார்கள். அவன் அம்மா வெள்ளையம்மா, செய்வினை என்று ஒரு கோழியை அறுத்தாள். கடைசியில் கொழும்பில் குழாய்க் கமெரா விட்டுப் பார்த்து, குரோன்ஸ் என்றார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்கிப் புண்ணாக்குமாம். அடக்கி வைக்கலாம், அடியோடு போக்க முடியாதாம். அந்தப் பெயரைப் பஸ்ஸில் சொன்னதுதான் அவன் செய்த பைத்தியக்காரத்தனம். கேட்டவர்கள் காதில் கொரோனா என்று விழுந்துவிட்டது. கால் வைக்க இடமில்லாத பஸ்ஸில் அவனைச் சுற்றி மட்டும் நாலடி காலி.

"இப்பதான்க்கா டிக்கட் போட வசதியா இருக்கு" என்றான் என்னிடம். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

முதலில் ஸ்டெரொயிட் குளிசை. ஓட்டம் குறைந்தது, முகம் பூசணிக்காயாக உருண்டது. கல்யாணமாகி ஆறு மாதம்தான். லயமே அவன் பெண்டாட்டி அனுஷியாவின் சமையலைப் புகழ்ந்தது. நோயாளியைப் பார்த்து 'சதை போட்டுட்டான்' என்று மெச்சுகிற ஊரை என்ன சொல்ல? அந்தக் குளிசையை வருஷக்கணக்கில் விழுங்கக்கூடாது, எலும்பு கெட்டுவிடும் என்று டொக்டர் மெல்ல மெல்லக் குறைத்தார். குறையக் குறைய முகமும் வடிந்தது, ஓட்டமும் திரும்பியது. எதிர்ப்புச் சக்தியை அடக்க வேறு குளிசை எழுதினார். அது வேலை செய்யவே மாதக்கணக்காகும் என்றார். அதற்குள் பஸ் முதலாளி சொல்லிவிட்டார்: இன்னும் ஒரு மாதம் பார்ப்பேன், அதற்குப் பிறகும் வழியில் நிறுத்தினால் வேறு ஆள். கஜீபன் அன்றைக்கு என் கடையில் சிரிக்கவில்லை. அவனுக்கு வேறு தொழில் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை தானே போட்டுக்கொள்ளும் ஊசி ஒன்று உண்டு. ஆனால் குடலில் ஓரிடம் தழும்பேறிச் சுருங்கிக் கிடக்கிறது, ஊசியால் அதை விரிக்க முடியாது. அதனால் முதலில் அந்தத் துண்டை வெட்டி எடுப்பது, பிறகு நோய் திரும்பாமல் இருக்க ஊசி. கஜீபன் கேட்டது ஒரே கேள்வி.

"எதுல போனா டொக்டர், வழியில நிக்காம போகலாம்?"

டொக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். 'பேக் எகக் ஓன வெய்' என்றார், பை ஒன்று தேவைப்படும் என்று. நம்மாள் சிங்களத்தில் புலி. "லொகு எகத, பொடி எகத?" என்று கேட்டான், பெரிதா சின்னதா என்று. சின்னது போதும் என்றார் அவர். வீட்டுக்கு வருகிற வழியில் அனுஷியா கேகாலைக் கடையில் சிவப்பு நிறத்தில் ஒரு பயணப் பை வாங்கிவிட்டாள்.

வார்டில் நர்ஸ் விளக்கியபோதுதான் புரிந்தது. வெட்டித் தைத்த இடம் ஆறும்வரை குடலின் நுனியை வயிற்றுக்கு வெளியே எடுத்து, அதன்மேல் ஒட்டும் பை அது. கழிவெல்லாம் அதில் சேரும். சில மாதத்தில் மறுபடி உள்ளே இணைத்துவிடலாம். கஜீபன் அழுதான். "வயித்துல பையை ஒட்டிக்கிட்டு ஆளுங்க நடுவுல எப்படி நிப்பேன்?"

அனுஷியா சொன்னாள்: "தோள்ல காசுப் பை ஒண்ணு மாட்டிக்கிட்டுத்தானே நிக்கிறீங்க. இன்னொண்ணு சட்டைக்குள்ள இருந்துட்டுப் போகட்டும்."

ஒப்பரேஷன் முடிந்து இரண்டு மாதம் வீட்டில் கிடந்தான், முதலாளியும் பொறுத்துக்கொண்டார். அவன் வேலைக்குத் திரும்பிய அன்று, பழக்க தோஷம், ஏழே காலுக்கு வாசலில் போய் நின்றேன். வளைவில் ஹோர்ன் கேட்டது. பஸ் வேகத்தைக் குறைக்கவே இல்லை. வாசல்படியில் கஜீபன், பல்லெல்லாம் தெரிய, "நிக்காதுக்கா, இனி நிக்காது" என்று கத்திக்கொண்டே போனான். உள்ளே யாரோ விசில் அடித்தார்கள். முக்தார் வளைவு முடியும்வரை ஹோர்னிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் ரோட்டுக்கு நடுவே இறங்கி, வயதையும் மறந்து கையைத் தட்டினேன். கடைக்குள் தேத்தண்ணி பொங்கி அடுப்பை அணைத்தது. அணையட்டும் என்று இருந்தது.

போன வாரம் கிளினிக்கில் எல்லாம் நன்றாக ஆறியிருக்கிறது, ஊசியும் நன்றாக வேலை செய்கிறது, பையை எடுத்துவிட்டு குடலை இணைக்கலாம் என்றார்களாம். இணைத்த புதிதில் சில வாரம் அடிக்கடி போக வேண்டி வரலாம், பிறகு அடங்கும் என்றும் சொன்னார்களாம். இவன் தேதியைத் தள்ளிக் கேட்டுவிட்டு வந்திருக்கிறான். அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்று டொக்டரும் விட்டுவிட்டார்.

"ஏன்டா, பை வேணாம்னு அழுதவன்தானே நீ? இப்ப கழட்டப் பயமா?" என்று, வேலைக்குப் போகிற வழியில் கடைக்குள் எட்டிப் பார்த்தவனைப் பிடித்துக்கொண்டேன்.

"பயம் இல்லக்கா. சந்தோஷமா இருக்கேன். கொஞ்ச நாளைக்கு இப்பிடியே இருந்துட்டுப் போறேனே."

பஸ்ஸுக்கு நேரமாச்சு, போடா என்று விரட்டிவிட்டேன்.